அடித்தகட்டின் துளைகள்

வீரபத்திரனிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. அதை ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, தண்ணி உள்ளே போகாத சுவரை எப்படிப் பூசுறது?"

எஸ்தர் மேஸ்திரி அதற்கு நேராகப் பதில் சொன்னதே இல்லை. "கலவை இறுகுது, கரண்டியை எடுங்கண்ணே" என்பார். இல்லையென்றால் டீ டம்ளரை நீட்டுவார். வீரபத்திரன் வாங்கிக் குடித்துவிட்டு, சாயங்காலம் மறுபடி கேட்பார்.

கேட்கிறவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பதில் சொல்லாதவருக்கு முப்பத்தெட்டு, அதிலும் பெண். எங்கள் மலையில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கம்பி வலை, தார்த்தாள், ஆணி, சிமென்ட் எல்லாம் என்னிடம்தான் வாங்குவார்கள். ஊரில் எந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பூசினவருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். வியாபாரத்துக்கு அது நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

வீரபத்திரன் கத்துக்குட்டி இல்லை. முப்பது வருஷம் பூச்சு வேலை செய்தவர். அவர் பூசின சுவரில் மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் இடையில் வெளிச்சம் வராது. கையால் தடவினால் சோப்பு மாதிரி வழுக்கும். "வீரபத்திரன் கை" என்றே ஒரு பேச்சு இருந்தது.

எங்கள் பக்கம் சரிவு அதிகம். செங்கல் கனம் தாங்காத இடத்தில் இரும்புச் சட்டம் நிறுத்துவார்கள். சட்டத்தில் பலகை அடித்து, பலகைமேல் தார்த்தாள் ஒட்டி, அதன்மேல் கம்பி வலை கட்டி, வலைமேல் சிமென்ட் பூசுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கல்லுச் சுவர் மாதிரி கம்பீரமாக இருக்கும். உள்ளே பலகைதான். தண்ணீர் பலகைக்குப் போய்விட்டால் அந்தச் சுவருக்கு ஆயுசு அவ்வளவுதான்.

போன வருஷம் ஐப்பசி மழையில் சடையன் வீட்டுச் சுவர் ஒரு கதவகலம் பெயர்ந்து விழுந்தது. வீரபத்திரன் பூசின சுவர். சடையன் அதன் அடியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். வலது தோள் போயிற்று. இன்றைக்கும் அவன் இடது கையால்தான் சாப்பிடுகிறான்.

சரிசெய்ய எஸ்தரைக் கூப்பிட்டார்கள். அப்போது எஸ்தருக்கு இவ்வளவு பேர் இல்லை. பன்னிரண்டு வருஷம் சாந்துச் சட்டி சுமந்துவிட்டுப் பிறகு கரண்டி எடுத்தவர். மிச்சப் பூச்சையும் வலையையும் பிரித்துப்போட்டு, தார்த்தாளை விரலால் தூக்கிப் பார்த்தார். மேல் தாளின் விளிம்பு கீழ்த் தாளுக்கு உள்ளே சொருகியிருந்தது. வெளியே அல்லவா தொங்க வேண்டும்? கூரை வேய்கிறவன் கீழேயிருந்து மேலே போகிறானே, அப்படி ஒட்டியிருக்க வேண்டிய தாள். ஏணியை இரண்டு தடவை நகர்த்தச் சோம்பல்பட்டு வீரபத்திரன் மேலேயிருந்து கீழே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேலே விழுந்த தண்ணீர் முழுக்க நேராகப் பலகைக்குப் போயிருக்கிறது.

கூட்டத்தோடு கூட்டமாக வீரபத்திரனும் அங்கே நின்றிருந்தார். எஸ்தர் அவரைப் பார்த்தார். யார் பூசினது என்று கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, எஸ்தர் வேலை செய்யும் இடத்துக்கு வீரபத்திரன் போய் நின்றார்.

"என்னைச் சேர்த்துக்க முடியுமா?"

"என்னண்ணே விளையாடுறீங்களா? கரண்டி பிடிக்க நீங்க எனக்குச் சொல்லித் தரலாம்."

"கரண்டி பிடிக்கத் தெரியும். அதுக்குப் பின்னாடி நடக்கிறது ஒண்ணும் தெரியலை."

எஸ்தர் கம்பி வலைச் சுருளைக் காட்டி, "அந்தப் பக்கத்தைப் பிடிங்க" என்றார். அன்றிலிருந்து வீரபத்திரன் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார். வயசு வித்தியாசத்தை எடுத்துச் சொன்னவர்களிடம் சண்டைக்கே போனார்.

வேலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். தாளைக் கீழேயிருந்து ஒட்டினார். ஜன்னலைச் சுற்றி எந்தத் துண்டு முதலில், எந்தத் துண்டு பிறகு என்று ராத்திரி கேட்டாலும் சொல்வார். ஆனால் மழை இருட்டினால் மனுஷன் மனுஷனாக இருக்க மாட்டார். கையில் இருக்கிற சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய், எங்கேயோ எப்போதோ பூசின சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்.

இந்த வருஷம் ராக்கம்மாவுக்கு ஒரு பின்னறை கட்ட வேண்டியிருந்தது. ராக்கம்மா தேயிலை பறிக்கிறவள், புருஷன் இல்லை. மகள் கோகிலா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து வரும்போது குளிர் படாமல் படுக்க ஓர் அறை வேண்டும். சரிவில் இரும்புச் சட்டம் நின்றது. எஸ்தரும் வீரபத்திரனும் பூசினார்கள். ஏழு நாள் தண்ணீர் தெளித்து ஆற வைத்தார்கள்.

எஸ்தருக்கு ஒரு வழக்கம் உண்டு. சுவரை ஒப்படைக்கிற அன்றைக்கு வீட்டுக்காரர்களைச் சுவரின் கால்மாட்டில் நிற்க வைப்பார். ஜன்னல் மூலையில் பூச்சுக்குப் பின்னால் போகிறமாதிரி ஒரு சின்ன இடைவெளியை அன்றைக்குவரை திறந்தே வைத்திருப்பார். அதில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுவார். அது முடிந்த பிறகுதான் அந்த இடைவெளியைப் பூசி மூடுவார்.

அன்றைக்கும் ஊற்றினார். அதுவரை இருவரும் சேர்ந்து செய்ததெல்லாம் பழுது பார்க்கிற வேலை, வீரபத்திரன் இதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ராக்கம்மா பதறிப்போனாள்.

"என்ன மேஸ்திரி இது! புதுச் சுவருக்குள்ள தண்ணியை ஊத்துறீங்க!"

"கீழே பாருங்க அக்கா."

சுவரின் அடியில், தரைக்கு ஒரு சாண் மேலே, நீளத்துக்கும் ஒரு தகடு உண்டு. பூச்சு அந்தத் தகட்டில் வந்து நின்றுவிடும். தகட்டில் பச்சைப்பயறு நுழையும் அளவுக்கு வரிசையாகத் துளைகள். கொஞ்ச நேரத்தில் அந்தத் துளைகளில் தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்த்தது. பிறகு சொட்டியது. கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்து, "அட, வந்துடுச்சே!" என்று கைதட்டினாள்.

வீரபத்திரனுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப தண்ணி உள்ளே போகுமா மேஸ்திரி?"

"போகும்."

"நாம இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பூசினதுக்கு அப்புறமுமா?"

"ஆமா."

"எப்படிப் போகும்?"

"காத்தோட வர்ற மழைக்கு மயிர்க்கோடு விரிசல் போதும்ணே."

எஸ்தர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மூலை இடைவெளியைப் பூசி மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். ஒரு வருஷமாகக் கேட்ட கேள்விக்கு ஒரு குடம் தண்ணீரில் பதில் வந்திருக்கிறது. நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? வீரபத்திரன் வெளியே வந்த தண்ணீரைப் பார்க்கவே இல்லை. உள்ளே போனதைத்தான் பார்த்தார்.

அடுத்த வாரம் ரேடியோவிலும் போனிலும் ஒரே பேச்சு. தாழ்வு மண்டலம், மலை மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை. கடைக்கு வீரபத்திரன் வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"முதலாளி, ஓட்டை அடைக்கிற சிலிக்கான் குழாய் நாலு குடுங்க."

"எதுக்கு வீரபத்திரா?"

"பாத்ரூமுக்கு."

அவர் வீட்டு பாத்ரூம் எனக்குத் தெரியும். தகரக் கதவும் கல் தரையும். அதில் நாலு குழாயை எங்கே வைத்துப் பீய்ச்சுவார்? எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனாலும் எடுத்துக் கொடுத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

பிறகு நடந்ததை அவரே சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு மத்தியானம் ராக்கம்மா கோகிலாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் ஆள் இல்லை. வீரபத்திரன் ஈரத் தரையில் மல்லாக்கப் படுத்து, அடித்தகட்டின் ஒவ்வொரு துளையிலும் குழாயின் மூக்கை வைத்து அழுத்தியிருக்கிறார். ஒரு துளை விடவில்லை. வெளியே தெரியாமல் இருக்கச் சிமென்ட்டைக் குழைத்து மேலே ஓர் இழுப்பு. சும்மா சொல்லக் கூடாது, அவர் கை அல்லவா! தகடு இருந்த இடமே தெரியவில்லை.

"தண்ணி வெளியே வர்ற வழியில உள்ளேயும் வரும்தானே முதலாளி? தரையில அடிக்கிற மழை தெறிச்சு மேலே வரும். எறும்பு வரும். காத்து வரும். ஓட்டையை வச்சிட்டு எப்படித் தூங்குறது?" என்று என்னிடம் பிற்பாடு கேட்டார். அவர் கேட்ட மாதிரியில் எனக்கே அது நியாயம் என்று பட்டது. பயந்தவன் பேச்சில் அப்படி ஒரு பிடி இருக்கிறது.

மழை பிடித்தது.

முதல் நாள் வீரபத்திரன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். "ஒரு வருஷத்துல அன்னைக்குத்தான் மழைச் சத்தம் காதுல விழலை" என்றார்.

இரண்டாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு ராக்கம்மா வீட்டுப் பக்கம் போனார். புதுச் சுவரை ஒட்டி இரண்டு கழி நட்டு, தகரம் போட்டு, அடுப்பு மூட்டியிருந்தார்கள். வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கோகிலா பலகை போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க பெரியப்பா. சுவர் கதகதன்னு இருக்கு. எந்திரிக்கவே மனசு வரலை."

வீரபத்திரன் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துவிட்டு, உட்காராமலே திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் மறுபடி போனார். கோகிலா அங்கேயேதான் இருந்தாள். ராக்கம்மா அடுப்புக்கு முன்னால். வீரபத்திரன் யதார்த்தமாகப் பேசுகிறமாதிரி சுவர்ப் பக்கம் போய், விரல் முட்டியால் தட்டினார். பூச்சுக்காரர்கள் எல்லோரும் செய்வது அது. நன்றாகப் பிடித்திருந்தால் கெட்டியாகச் சத்தம் வரும். மேலே கெட்டியாக வந்தது. கீழே வர வர, கோகிலாவின் தோளுக்குப் பக்கத்தில், காலி டப்பாவைத் தட்டினமாதிரி வந்தது.

"என்ன கொத்தனாரே, கதவையா தட்டுறீங்க?" என்று ராக்கம்மா சிரித்தாள்.

"இல்லைம்மா... அடுப்பை இங்க வைக்கலாமா?"

"ஏன்?"

அவர் வாயில் வந்தது வாஸ்து. "அடுப்பு அக்னி மூலையில இருக்கணும்னு சொல்லுவாங்க."

"இதுதானே அக்னி மூலை! தென்கிழக்கு. சூரியன் அங்க உதிக்குது பாருங்க." மேகத்தைக் காட்டினாள்.

"அப்படியா. சரி. சரி."

வந்துவிட்டார். பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணு ஈரச் சுவர்ல சாயக் கூடாதும்மா. முதுகு பிடிச்சுக்கும்."

"சுவர் கதகதன்னு இருக்கு பெரியப்பா" என்றாள் கோகிலா மறுபடியும். அவளுக்கு அடுப்புச் சூடு. அவருக்கு நெற்றியில் வேர்த்தது, அந்தக் குளிரில்.

அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. நாளைக்கு வெயில் அடிக்கும், தானாகக் காய்ந்துவிடும், யாருக்கும் தெரியாமல் போய் அடைப்பை எடுத்துவிடலாம் என்று ஒரு கணக்கு. மழை நிற்கிற வழியாக இல்லை. வீட்டிலோ ஆள் இல்லாத நேரமே இல்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள் அந்தப் பக்கம் போகவே பயந்துகொண்டு படுத்தே கிடந்தார். சடையன் வீட்டில் விழுந்தபோது வந்த சத்தம் காதிலேயே இருந்ததாம். யார் வீட்டிலாவது பாத்திரம் விழுந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

ஆறாம் நாள் காலையில் எட்டிப் பார்த்தார். சுவரில் அந்த இடம் லேசாக முன்னால் தள்ளியிருந்தது. நிறைமாத வயிறு மாதிரி. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது. மட்டக்கோலில் வாழ்ந்த கண் அல்லவா, அவருக்குத் தெரிந்தது. அடியில் கோகிலா சோளக்கதிர் வாட்டிக்கொண்டிருந்தாள்.

வீரபத்திரன் எஸ்தர் வீட்டுக்கு ஓடினார்.

எஸ்தர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இந்த மழையில?"

"சும்மாதான்."

"உக்காருங்க. இதைப் பிடிங்க." ஒரு கை பூண்டை அவர் முன்னால் தள்ளினார்.

வீரபத்திரன் உட்கார்ந்து உரித்தார். தோலைத் தட்டிலும் பூண்டைக் குப்பையிலும் போட்டார். எஸ்தர் எடுத்து மாற்றிப் போட்டார்.

"மேஸ்திரி, இந்தத் தடவை வந்த மணல்ல களிமண் ஜாஸ்தி."

"ஆமா."

"வலை கூட முன்ன மாதிரி இல்லை. சீக்கிரம் துரு ஏறுது."

"ஆமாண்ணே."

"ராக்கம்மா வீட்டுல அடுப்பைச் சுவரோரம் வச்சிருக்காங்க."

"குளிருதில்ல."

"அந்தப் பொண்ணு சுவர்லதான் சாஞ்சு உக்காருது."

எஸ்தர் கத்தியைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கண்ணே."

வீரபத்திரன் கையிலிருந்த பூண்டைத் தட்டில் வைத்தார். "அடைச்சுட்டேன்."

"எதை?"

"அடித்தகட்டை. எல்லாத் துளையையும்."

"எப்ப?"

"மழைக்கு முந்தின நாள்."

எஸ்தர் விரல் விட்டு எண்ணினார். "ஆறு நாளா உள்ளேயே நிக்குதா?"

"ஆமா."

"தட்டிப் பார்த்தீங்களா?"

"மூணாம் நாளே பார்த்தேன். காலி டப்பா மாதிரி கேக்குது. இப்ப முன்னாடி தள்ளிடுச்சு."

"மூணாம் நாளே தெரியுமா!"

எஸ்தர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான் என்று வீரபத்திரன் சொல்வார். அடுத்த நிமிஷம் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். செருப்புக்கூடப் போடவில்லை.

வழியில் என் கடை. இருவரும் நனைந்துகொண்டு வந்து நின்றார்கள்.

"மெல்லிசா ஒரு உளி குடுங்கண்ணே. சுத்தியல் வேண்டாம்."

வீரபத்திரன் என்னைப் பார்க்காமல் சிமென்ட் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நாலு குழாயும் கண்முன்னால் வந்தது.

"குழாய் நான்தான் குடுத்தேன் எஸ்தர்" என்றேன்.

எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உளியை வாங்கிக்கொண்டு நடந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னால் போனேன்.

போகிற வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு போனோம். மழைச் சத்தத்தில் எது என்ன சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. வளைவு திரும்பும்போது எங்கேயோ டமார் என்று கேட்டது. வீரபத்திரன் அப்படியே ரோட்டில் குந்திவிட்டார். பிறகுதான் தெரிந்தது, ஜீப்பில் பின்கதவை யாரோ அடைத்தது. எஸ்தர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

கோகிலா அதே இடத்தில்தான் இருந்தாள். சுவரும் நின்றது.

எஸ்தர் ஓடவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டினார்.

"கோகிலா, என் கையைப் பிடிச்சு எழுந்திரிம்மா. மெதுவா. சுவரை ஊனாத."

"என்னக்கா?"

"எழுந்து உள்ளே போ, முன்னறைக்கு. அக்கா, நீங்களும் இந்தப் பக்கம் வாங்க."

"வெந்நீர் கொதிக்குதே!" என்றாள் ராக்கம்மா.

"கொதிக்கட்டும். வாங்க."

இருவரும் நகர்ந்த பிறகுதான் எஸ்தர் மூச்சை விட்டார். அடுப்போரம் இருந்த பலகையை எடுத்துப் புடைத்த இடத்தில் சாய்த்து, அதற்கு ஒரு கழியை முட்டுக் கொடுத்தார். பிறகு உளியை வீரபத்திரனிடம் நீட்டினார்.

"என்னால முடியாது மேஸ்திரி. நீங்களே..."

"அடைச்சது நீங்க. எந்தத் துளை எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"நான் தட்டும்போது விழுந்துட்டா?"

"தட்டாதீங்க. சுரண்டுங்க. பக்கவாட்டுல படுத்துக்கங்க. மேலே நான் பிடிச்சிருக்கேன்."

எஸ்தர் அந்த முட்டுக் கழியில் தோளைக் கொடுத்து நின்றார். விழுந்தால் முதலில் அவர்மேல்தான் விழும். அது அவருக்குத் தெரியாதா என்ன! நானும் போய் இன்னொரு பக்கம் தாங்கிக்கொண்டேன்.

வீரபத்திரன் சேற்றில் படுத்தார். சிமென்ட் இழுப்பைச் சுரண்டினார். முதல் துளையிலிருந்து அடைப்பைக் குத்தி எடுத்தார். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது. ஒன்றும் இல்லை.

"வரலையே மேஸ்திரி! பலகை எல்லாத்தையும் குடிச்சிடுச்சா?"

"இன்னும் எடுங்க."

மூன்றாவது துளையில் நூல் மாதிரி ஒன்று வந்தது. பழுப்பு நிறம், டீத்தண்ணி மாதிரி. நாலாவதில் விரல் தடிமனுக்குப் பீய்ச்சியது. அதற்கப்புறம் அவர் சுரண்டச் சுரண்டத் தண்ணீர் அவர் முகத்திலும் கழுத்திலும் அடித்தது. துடைக்கக்கூட இல்லை, ஒவ்வொரு துளையாக நகர்ந்துகொண்டே போனார். தண்ணீர் தரையில் ஓடி, வளைந்து, நேராக அடுப்புக்குள் போனது. குபீர் என்று புகை கிளம்பி அடுப்பு அணைந்தது.

"ஐயோ, ஐயோ, என்ன இது! சுவருக்குள்ள கிணறா இருக்கு!" ராக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

எஸ்தர் கழியை விடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரபத்திரன் எழுந்தார். தலைமுதல் கால்வரை சேறு.

"நான்தான்மா. மேஸ்திரி திறந்து வச்ச வழியை நான் அடைச்சேன். பயத்துல அடைச்சேன். மூணாம் நாளே தெரிஞ்சுது, உங்ககிட்ட சொல்லலை."

ராக்கம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் பார்வை கோகிலா உட்கார்ந்திருந்த பலகை கிடந்த இடத்துக்குப் போனது. அங்கிருந்து சுவருக்குப் போனது.

"பாவி மனுஷா! என் பொண்ணு அங்கதானய்யா உக்காந்திருந்தா! ரெண்டு உசுருய்யா! அடுப்பை மாத்து, முதுகு பிடிக்கும்னு கதை சொன்னியே, சுவர் விழும் தாயின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருப்பேன்?"

வீரபத்திரன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். ராக்கம்மா அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். முன்னறை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கோகிலாவின் குரல் கேட்டது.

"அதுக்குத்தான் அக்னி மூலையா பெரியப்பா?"

அதற்குத்தான் அவர் உடைந்து போனார். வாய்விட்டு அழுதார். ஐம்பத்து நான்கு வயது மனுஷன், சேறும் சகதியுமாக, சின்னப் பிள்ளை மாதிரி.

தண்ணீர் வடிய முக்கால் மணி நேரம் ஆனது. ஓட்டம் சொட்டாகக் குறைந்ததும் எஸ்தர் புடைத்த இடத்தைக் கோடு போட்டு வெட்டி, துண்டு துண்டாகக் கையால் இறக்கினார். ஒவ்வொரு துண்டையும் வீரபத்திரன் வாங்கிக் கீழே வைத்தார். கனம். என்னிடம் ஒன்றைக் கொடுத்தபோது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அது எங்கே விழுந்திருக்கும் என்று நான் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

வலையை வெட்டி விலக்கினார். தார்த்தாளைத் தூக்கினார். பலகையின் அடிப்பகுதி ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்து, ஊறியிருந்தது. எஸ்தர் கட்டை விரலால் அழுத்தினார், ரொட்டி மாதிரி உள்ளே போனது. கொஞ்சம் மேலே அழுத்தினார். போகவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே. கெட்டி.

"சட்டத்துக்கு ஏறலை" என்றார். "அடிப்பலகை மாத்தினா போதும். அக்கா, நாலு நாள் குடுங்க. அதுவரைக்கும் கோகிலா முன்னறையில இருக்கட்டும்."

ராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுவர் நிக்குமா மேஸ்திரி? எனக்கு உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

"நிக்கும். அந்தத் துளையை யாரும் அடைக்காத வரைக்கும்."

ராக்கம்மா வீரபத்திரனை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு பற்றவைக்கிற வாசம் வந்தது. மூன்று டம்ளரில் டீயும் வந்தது. கோகிலா ஜன்னல் வழியாக நீட்டினாள். வீரபத்திரன் தன் டம்ளரை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மழை விட்டுவிடவில்லை. திறந்து கிடந்த சுவரில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தோம். திறந்த துளைகளில் இன்னும் ஒன்றிரண்டு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. வீரபத்திரன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, கையை எடுக்காமல் நின்றார்.

"மேஸ்திரி."

"ம்."

"இன்னைக்குக் காலையில நான் உங்ககிட்ட வந்திருக்க மாட்டேன். பாதி வழியில திரும்பிப் போயிட்டுத்தான் மறுபடி வந்தேன்."

எஸ்தர் தார்ப்பாயின் அடுத்த மூலையைப் பிடித்தார்.

"நான் சொல்லாமலே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

எஸ்தர் முடிச்சை இறுக்கினார். இழுத்துப் பார்த்தார்.

"சுவரே சொல்லியிருக்கும்ணே."